வெட்டுப்படப் பெட்டியும் எவரிஸ்தோ வீட்டு விருந்தும்

மொதெனா,
1860 மார்ச் 20

அன்பு மனைவி தெல்ஃபீனாவுக்கு செகொந்தோ எழுதிக்கொள்வது. மாதா துணையால் நலமாக வந்து சேர்ந்தேன். வண்டிக் குலுக்கலில் இடுப்பு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை. உன் உடம்பு எப்படி இருக்கிறது? ரம்பம் பிடிக்கிற கையில் இருந்த வீக்கம் வடிந்ததா?

இங்கே பெரிய பள்ளிக்கூடத்தில் நம் வெட்டுப்படப் பெட்டியைத் திறந்து காட்டினேன். இத்தாலிப் படத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக நீ அறுத்த அழகைப் பார்த்து வாத்தியார் வாயைப் பிளந்தார். பிள்ளைகள் சுற்றி வந்து உட்கார்ந்து துண்டுகளைச் சேர்த்தார்கள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. அப்போது ஒரு பொடிப்பெண் மொதெனாத் துண்டைக் கையில் எடுத்தாள்.

"ஐயா, இது எங்க ஊருதானே? இதுக்கு ஏன் தனிக் கலர்? எங்க கோமகன்தான் ஓடிப்போயிட்டாரே!"

"பக்கத்துல பார்மா இருக்கு பாரும்மா" என்று பேச்சை மாற்றினேன்.

"அந்த ஊரை ஆண்ட அம்மாவும் ஓடிப்போயிட்டாங்க" என்றாள். பிறகு பார்மா, மொதெனா, தஸ்கனி மூன்றையும் ஒரே பிடியாய்ப் பிடித்து என் முன்னால் நீட்டினாள். "இதெல்லாம் இப்ப ஒண்ணு. ஒட்டிக் குடுங்க."

வாத்தியார் சிரித்துவிட்டார். "படம் ரொம்ப நல்லாருக்கு ஐயா. ஆனா நீங்க போன வருஷத்தைக் கொண்டாந்து விக்கிறீங்க."

போன வாரம்தான் இவர்கள் ஓட்டுப் போட்டு நம் தூரின் ராஜாவோடு சேர்ந்தார்கள். ஊரெல்லாம் இன்னும் கொடி. பழைய பெட்டிகளைப் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறேன். நீ புதிதாக அறுத்து ஃபுளோரன்ஸுக்கு அனுப்பு. சேர்ந்த ஊர்களையெல்லாம் நம்மோடு ஒரே துண்டாக விடு. வேலை உனக்குக் குறைந்தது என்று சந்தோஷப்படு.

அக்காவுக்கும் அவள் மகள் நினெத்தாவுக்கும் என் முத்தம். வேளைக்குச் சாப்பிடு.

உன் செகொந்தோ

*

தூரின்,
1860 ஏப்ரல் 4

என் வீட்டுக்காரருக்கு தெல்ஃபீனாவின் வணக்கமும் அன்பும். இங்கே எல்லோரும் சுகம். கை வீக்கம் போய்விட்டது. உங்கள் இடுப்பு வந்து சேர்ந்திருக்கும் என்று நம்புகிறேன்.

புதுப் படம் அறுத்து அனுப்பியிருக்கிறேன். அறுத்த கையோடு நினெத்தாவிடம் கொடுத்துப் பார்த்தேன். ஆறு வயதுப் பிள்ளைதான் நமக்கு நீதிபதி என்று நீங்கள்தானே சொல்வீர்கள். நான் சட்டியை இறக்கி வைப்பதற்குள் முடித்துவிட்டாள்.

"அத்தை, இது என்ன விளையாட்டு? உக்கார்றதுக்குள்ள முடிஞ்சுபோச்சு. எல்லாம் ஒரே துண்டாயிட்டா அப்புறம் நான் எதைச் சேக்கறது?"

ராஜாங்கத்துக்கு நல்லது வெட்டுப்படக்காரிக்குக் கெட்டதாய் முடியும் என்று யார் கண்டது! இதில் சவோயையும் நீஸையும் பிரெஞ்சுக்காரர்களுக்குக் கொடுத்தாயிற்றாம். அந்த இரண்டு துண்டையும் எடுத்து ஜன்னலில் வைத்தேன். உங்கள் அக்கா ஒத்தாவியா அண்ணி பார்த்துவிட்டு, "யாரைக் கேட்டுக் குடுத்தாங்க?" என்று என்னை அதட்டினார், நான்தான் கொடுத்ததுபோல.

அண்ணியும் நினெத்தாவும் இப்போது நம் வீட்டிலேயே இருக்கிறார்கள். விசேஷம் ஒன்றுமில்லை, அண்ணி வீட்டுப் புகைபோக்கி சரியில்லையாம். நானும் வச்சிரம் காய்ச்சும் சட்டியை முற்றத்துக்கு மாற்றிவிட்டேன். இத்தனை வருஷம் பழகிய பசை வாடை ஏனோ இந்த வசந்தத்தில் எனக்கு ஆகவில்லை. கவலைப்பட வேண்டாம்.

கம்பளி உள்சட்டையை மே வரைக்கும் கழற்றாதீர்கள்.

தெல்ஃபீனா

*

ஃபுளோரன்ஸ்,
1860 ஏப்ரல் 26

என் கண்ணே தெல்ஃபீனா, உன் பெட்டிகளும் கடிதமும் பழுதில்லாமல் வந்தன. நான் சுகம். உன் மூக்குக்கு என்ன ஆயிற்று? சளிதான் கட்டியிருக்கும். வெந்நீரில் ரோஸ்மேரி போட்டு ஆவி பிடி.

நினெத்தா சொன்னதையே இங்கே பெண்கள் பள்ளித் தலைமை ஆசிரியை லவீனியா அம்மாளும் சொன்னார். புதுப் பெட்டியைக் கையில் வாங்கி, கண் இமைக்கும் நேரத்தில் தானே சேர்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"தம்பி, மழைநாள்ல நாப்பது பொண்ணுங்களை உள்ளயே வச்சிருக்கேன். அதுங்க வாயை மத்தியானம் முழுக்க மூட வைக்கிற மாதிரி ஒரு படம் கொண்டா. பள்ளிக்கூடம் பூராவுக்கும் வாங்கறேன். இதை நான் தும்மறதுக்குள்ள முடிச்சிடுவாளுக."

நாற்பது பேர் வாயை மூட வைக்கும் படம்! யோசி தெல்ஃபீனா. நம் வீட்டில் மூளை உன்னிடம்தான் இருக்கிறது. என்னிடம் இருப்பது கால்.

அந்தக் கால் இப்போது போப்பாண்டவர் எல்லைக்குள் போகப் பார்க்கிறது. அங்கே மலைமேல் ஒரு கன்னியர் மடத்துப் பள்ளியில் நம் மிருகப் படங்களையும் புனிதர் படங்களையும் கேட்டிருக்கிறார்கள். போய்க் கொடுத்துவிட்டு வருவேன். பயப்படாதே. என் பெட்டியில் அரசியல் இல்லை, வெறும் மரம்தான்.

நன்றாகத் தூங்கு. ஆவி பிடிக்க மறக்காதே.

உன் செகொந்தோ

*

தூரின்,
1860 மே 6

அன்புள்ளவருக்கு, நலம். நலமறிய ஆவல்.

ஆவி பிடித்தேன். மூக்கு அப்படியேதான் இருக்கிறது. அண்ணி உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு, "என் தம்பி எப்பவுமே இப்படித்தான், வீடு பத்திக்கிட்டு எரிஞ்சா குளிர் காய உக்காருவான்" என்றார். ஏன் அப்படிச் சொன்னார் என்று என்னைக் கேட்காதீர்கள்.

ஒன்று மட்டும் கேளுங்கள். போப்பாண்டவர் எல்லைக்குள் போகாதீர்கள். அவருடைய நாட்டிலிருந்து ரொமாஞாவை வெட்டி எடுத்து நம் நிறத்தைப் பூசிய படம் உங்கள் பெட்டியில் இருக்கிறது. அறுத்தவள் நான். அது வெறும் மரம் என்று சுங்கச் சாவடிக்காரன் நம்புவானா? மிருகங்களை மட்டும் தபாலில் அனுப்பிவிட்டு வீட்டுக்கு வாருங்கள். இந்த வருஷம் நீங்கள் சீக்கிரம் வந்தால் நன்றாயிருக்கும்.

இப்போதெல்லாம் உட்கார்ந்துகொண்டே அறுக்கிறேன். அதுவும் பழகிவிட்டது. உப்பு நெத்திலி மேல் தனி ஆசை வந்திருக்கிறது. காலையிலேயே வேண்டும் என்கிறது நாக்கு.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தெல்ஃபீனா

*

ரோக்காசெர்ரா,
1860 ஜூன் 2

அன்பு தெல்ஃபீனா, நான் மிகமிக நலம். நீ எப்படி இருக்கிறாய்? நெத்திலி நிறையச் சாப்பிட்டால் தாகம் எடுக்கும், பார்த்துக்கொள்.

உன் கடிதம் நான் ஃபுளோரன்ஸிலிருந்து கிளம்பும் காலையில்தான் கிடைத்தது. உன் பேச்சைக் கேட்டிருந்தால் இந்த அழகான மலை ஊரைப் பார்த்திருக்க முடியாது. இங்கே எவரிஸ்தோ பெல்லூச்சி என்பவர் வீட்டில் தங்கியிருக்கிறேன். மிகவும் தங்கமான மனிதர். நான் சீக்கிரம் கிளம்பக்கூடாது என்று அவருடைய மேலதிகாரிகளுக்கு அவ்வளவு ஆசை. கோடைக் காலம் முழுவதும் இருந்துவிட்டுத்தான் போகவேண்டுமாம்.

வீடு கருங்கல்லால் கட்டியது. வெயில் தெரிவதே இல்லை. ஜன்னல் உயரத்தில் இருப்பதால் காற்று சுத்தமாக வருகிறது. திருட்டு பயமோ என்னவோ, கதவை வெளியிலிருந்து பூட்டிக்கொள்ளும் வழக்கம். தினமும் பருப்புக் கஞ்சி. உடம்புக்கு நல்லது.

எவரிஸ்தோ படித்த மனிதர். என் கடிதங்களை அனுப்புமுன் ஒருமுறை படித்து எழுத்துப்பிழை பார்த்துக் கொடுக்கிறார். வருவதையும் அவரே முதலில் பிரித்து, கண்ணுக்கு நல்லதா என்று பார்த்துத்தான் தருவார். அதனால் எழுத்தை அழகாக எழுது. நம் பெட்டிகள் பத்திரமாக அவர் பொறுப்பில் இருக்கின்றன.

அக்காவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். சொல்வதற்கும் ஒன்றுமில்லை.

உன் செகொந்தோ
(எவரிஸ்தோ பெல்லூச்சி அவர்கள் மேற்பார்வை, ரோக்காசெர்ரா)

*

தூரின்,
1860 ஜூன் 24, அருளப்பர் திருநாள்

அன்புள்ள என்னவருக்கும், இதை முதலில் படிக்கப்போகும் எவரிஸ்தோ ஐயாவுக்கும் வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே எல்லோரும் சௌக்கியமா?

உங்கள் கடித உறையின்மேல் போப்பாண்டவரின் இரண்டு சாவி போட்ட முத்திரை அழகாக விழுந்திருந்தது. தனிமனிதர் ஒருவர் வீட்டில் இப்பேர்ப்பட்ட முத்திரை வைத்திருப்பது பெருமைதான். நான் அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அடுப்பில் போடலாமா என்று பார்த்தேன். போடவில்லை. விருந்தாளியாய்ப் போன இடத்தில் வாயை அடக்கிக்கொண்டு இருங்கள். ராஜாக்களைப் பற்றிப் பேசாதீர்கள். கம்பளிக் காலுறை இரண்டு ஜோடி அனுப்பியிருக்கிறேன், கருங்கல் வீடு குளிரும்.

இன்று நகரமெல்லாம் சொக்கப்பனை. நான் போகவில்லை. படி ஏறி இறங்கக் கொஞ்சம் சோம்பல். பீச் பழம் வந்துவிட்டது. நெத்திலியோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பாருங்கள், தேவாமிர்தம். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். என் பாவாடைகளையெல்லாம் பிரித்து இடுப்பைத் தளர்த்தித் தைத்துக் கொடுத்தவரும் அவர்தான்.

இனி தொழில். இந்தக் கோமகன்களை நம்பி எல்லை அறுத்தால், பசை காயுமுன் அவர்கள் ஓடிப்போகிறார்கள். ஓடிப்போகாத எல்லை எது என்று யோசித்துக்கொண்டே சட்டியில் தண்ணீர் ஊற்றினேன். அது விளிம்பு வழிந்து மேசை மேல் கோணல்மாணலாய் ஓடியது. ஆறு! ஆற்று வழியே அறுத்தால் என்ன? மலைமுகட்டு வழியே அறுத்தால் என்ன? எந்த ராஜா வந்தாலும் போ நதி இருக்கிற இடத்தில்தான் இருக்கும். ஒரு படத்தை அப்படி அறுத்துப் பார்த்தேன். ரம்பம் வளைந்து வளைந்து கை கடுத்துவிட்டது. துண்டு எழுபதுக்கு மேல் வந்தது.

நினெத்தா மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டபோது வரவில்லை. "இருங்க அத்தை, தீபர் ஆறு எங்கேயோ போயிடுச்சு!" என்று மேசைக்கடியில் தேடிக்கொண்டிருந்தாள்.

காலுறையைப் போட்டுக்கொள்ளுங்கள்.

தெல்ஃபீனா

*

ரோக்காசெர்ரா,
1860 ஜூலை 18

என் புத்திசாலி மனைவிக்கு, காலுறை வந்தது. நான் சுகம், நீயும் சுகமென்று நம்புகிறேன். பாவாடை தளர்த்தித் தைத்தது நல்லது, கோடையில் காற்றோட்டமாக இருக்கும்.

ஆற்று வழி வெட்டுப்படம்! படித்தவுடன் அறைக்குள்ளேயே குதித்தேன். எவரிஸ்தோ கதவுத் துவாரம் வழியாக, "என்னய்யா, தேள் கொட்டிடுச்சா?" என்று கேட்டார். லவீனியா அம்மாளுக்கு உடனே ஒரு பெட்டி அனுப்பு.

எவரிஸ்தோவுக்கு ஏழு பிள்ளைகள். பத்திரமாக வைத்திருக்கும் நம் பெட்டிகளை அவர் வீட்டுக்கு எடுத்துப்போயிருக்கிறார், பூஞ்சை பிடிக்காமல் இருக்கவாம். அவருடைய கடைக்குட்டி யானைப் படத்தின் தும்பிக்கையை விழுங்கப் பார்த்தானாம்.

அவர் கொஞ்ச நாளாக ஒரு மாதிரியாகப் பேசுகிறார். உன் கடிதத்தைக் கொடுக்கும்போது என் முகத்தையே உற்றுப் பார்ப்பார். நான் படித்து முடித்ததும், "அப்புறம்?" என்பார்.

"அப்புறம் என்ன? ஆத்து வழியா அறுத்திருக்கா."

"அது சரி. வேற ஒண்ணும் தோணலையா?"

"காலுறை அனுப்பியிருக்கா."

தலையில் அடித்துக்கொண்டு போய்விடுவார். மறுபடி திரும்பி வந்து, உனக்கு எழுதச் சொல்லி ஏதாவது சொல்வார். அப்படியே எழுதுகிறேன்: நீ கனமான பலகை எதையும் தூக்கக் கூடாதாம். கையைத் தலைக்கு மேல் உயர்த்தித் துணி காயப்போடக் கூடாதாம். சாயங்காலம் காலைத் தூக்கி முக்காலிமேல் வைத்துக்கொள்ள வேண்டுமாம். அவர் மனைவி கல்லீரல் வறுத்துச் சாப்பிடச் சொல்கிறார். இந்த ஊரில் ரம்ப வேலை செய்பவர்களுக்கு இதெல்லாம் வழக்கமோ என்னவோ. பெரியவர் சொல், கேட்டுக்கொள்.

உன் செகொந்தோ

*

தூரின்,
1860 ஆகஸ்ட் 14

அன்புள்ளவருக்கு, சுகம். உங்கள் சுகத்துக்கு தினமும் ஒரு செபமாலை சொல்கிறேன்.

எவரிஸ்தோ ஐயாவுக்கும் அவர் மனைவிக்கும் என் நன்றியைச் சொல்லுங்கள். சொன்னபடியே செய்கிறேன். துணியை அண்ணி காயப்போடுகிறார். கல்லீரல் வாரம் இருமுறை. இந்தக் கடிதத்தை எழுதும்போதும் கால் முக்காலிமேல்தான் இருக்கிறது. ரம்ப வேலைக்கு இது மிகவும் நல்லது என்று அவர்களிடம் சொல்லுங்கள்.

லவீனியா அம்மாளின் பதில் வந்துவிட்டது. நாற்பது பெண்களும் சத்தமில்லாமல் உட்கார்ந்ததைப் பார்த்து, என்னவோ ஏதோ என்று பக்கத்து வகுப்பிலிருந்து ஓடிவந்தார்களாம். பள்ளி முழுவதற்கும் கேட்டிருக்கிறார். இரண்டு பெண்களை வேலைக்கு வைத்துக்கொண்டேன். நான் மேற்பார்வை மட்டும். வேகமாக நடக்கவோ, குனியவோ இப்போது முடிவதில்லை. முடியவில்லை என்பதில் ஒரு சந்தோஷமும் இருக்கிறது.

இதற்குமேல் எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. எழுதமாட்டேன். நாம் இருவரும் இரண்டுமுறை அடுப்பு மூட்டுமுன்பே ஊரை விருந்துக்கு அழைத்தவர்கள். இந்த முறை உலை கொதித்து இறங்கட்டும். அதுவரை நான் பேசப்போவதில்லை, ஆண்டவரிடம்கூட மெதுவாகத்தான் கேட்கிறேன்.

உங்களுக்கு அந்தக் கருங்கல் வீட்டிலிருந்து விடுப்புக் கிடைக்கும் நாள் எப்போது? நவம்பர்க் குளிருக்கு முன் வந்துவிட வேண்டும். வந்தே ஆகவேண்டும்.

தெல்ஃபீனா

*

அரெத்சோ,
1860 செப்டம்பர் 19

தெல்ஃபீனா! தெல்ஃபீனா! நீ நலமா? நிஜமாகவே நலமா? உட்கார்ந்திருக்கிறாயா? காலை மேலே தூக்கி வைத்திருக்கிறாயா?

முதலில் என் பொய்யைச் சொல்லிவிடுகிறேன். நான் தங்கியது வீடு இல்லை, கோட்டைச் சிறை. சுங்கச் சாவடியில் பெட்டியைத் திறந்தார்கள். "போப்பாண்டவர் நாட்டை ரம்பத்தால அறுத்தவன் நீதானா?" என்றான் அதிகாரி. "என் பொண்டாட்டி" என்று உண்மை வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு "நான்தான்" என்றேன். எவரிஸ்தோ அங்கே கைதிகளின் கடிதங்களைப் படிக்கும் எழுத்தர்.

இரண்டு நாள் முன்பு காலையில் பள்ளத்தாக்கில், எல்லை தாண்டி வந்த நம் பட்டாளத்தின் தம்பட்டச் சத்தம் கேட்டது. காவல்காரர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போய்விட்டார்கள். எவரிஸ்தோ மட்டும் சாவிக்கொத்தோடு மூச்சிரைக்க வந்து கதவைத் திறந்தார்.

"செகொந்தோ, கிளம்பு. ஓடு."

"எங்கய்யா ஓடறது? என் பெட்டிங்க எங்கே?"

"பெட்டியாவது மண்ணாவது! உன் பொண்டாட்டிக்கு ஏழு மாசம் முடியுது, இங்க நின்னுக்கிட்டுப் பெட்டி கேக்கறே!"

"எதுக்கு ஏழு மாசம்?" என்று கேட்டேன். ஆமாம் தெல்ஃபீனா, அப்படித்தான் கேட்டேன். நீ சிரித்துக்கொள்.

அந்த மனிதர் சாவிக்கொத்தைத் தரையில் போட்டார். "ஏன்யா, நெசமாவே தெரியாதா? பசை வாடை ஆகலைன்னு எழுதுது. நெத்திலியையும் பீச்சையும் ஒண்ணாத் திங்குதுன்னு எழுதுது. பாவாடையைப் பிரிச்சுத் தைக்குதுன்னு எழுதுது. உன் பையில இருந்த பழைய கடுதாசியைப் படிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. நீ என்னடான்னா காத்தோட்டமா இருக்கும்னு பதில் போடறே! உன் கடுதாசியைப் படிச்சுட்டு என் பொண்டாட்டி அழுவா, நான் சிரிப்பேன். ரெண்டு பேருக்கும் தூக்கம் போச்சு."

"அப்ப ஏன்யா சொல்லலை?"

"அடுத்த வீட்டு நல்ல சேதியை நான் எப்படிய்யா சொல்றது? அது அந்தப் பொண்ணு வாயால வரணும். போன கடுதாசியில ஏன் சொல்லலைன்னும் எழுதிடுச்சு. அதைப் படிச்சப்புறம் நான் எப்படி வாயைத் திறப்பேன்? ஆனா இன்னிக்கு நீ ஓடணுமே. அதான் சொல்லிட்டேன். மாதா என்னை மன்னிக்கட்டும்."

நான் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதேன். பிறகு ஓடினேன். பாதி மலை இறங்கியபிறகுதான் தொப்பி இல்லை என்று தெரிந்தது.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். இரண்டாம் முறை நான் அந்தத் தொட்டிலைப் பிரித்துப் பரணில் போட்டபோது, நீ ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாய். நான் கூப்பிட்டும் திரும்பவில்லை. இனி நானும் பேசவில்லை. யாரையும் விருந்துக்கு அழைக்கவில்லை. ஆனால் தனியாக மெதுவாகக் கேட்டுக்கொண்டிருக்காதே, நான் வந்து சேர்ந்துகொள்கிறேன். லிவோர்னோ போய்க் கப்பல் பிடித்து ஜெனோவா, அங்கிருந்து ரயில். இந்தக் கடிதத்தை முந்திக்கொண்டு நான் வந்துவிட்டால், வாசலில் வைத்தே என்னைத் திட்டு.

உன் மடையன்
செகொந்தோ

*

ரோக்காசெர்ரா,
1860 டிசம்பர் 3

மரியாதைக்குரிய தெல்ஃபீனா அம்மாள் அவர்களுக்கு, எவரிஸ்தோ பெல்லூச்சி பணிவுடன் எழுதுவது. நாங்கள் ஒன்பது பேரும் நலம். தங்கள் வீட்டில் எத்தனை பேர் நலம் என்று அறியவே இக்கடிதம்.

தங்களை நேரில் பார்த்ததில்லை. ஆனாலும் தங்கள் நெத்திலி முதல் கால்வைக்கும் முக்காலி வரை எனக்குத் தெரியும். அது என் உத்தியோகம். அதற்காக வெட்கப்பட்டேனா என்றால், மற்றவர்கள் கடிதம் படிக்கும்போது வெட்கப்பட்டதுண்டு. தங்களுடையதைப் படிக்கும்போது மட்டும் அடுத்த தபால் எப்போது வரும் என்றிருந்தது. தங்கள் கணவரை விடச்சொல்லி மேலிடத்துக்கு மூன்றுமுறை எழுதினேன். பதில் வரவில்லை. தமக்கு வரும் கடிதங்களைப் படிக்க அவர்களுக்கு நேரமில்லை போலும்.

கோட்டையில் இப்போது வேறு கொடி. எனக்கு அந்த வேலை இல்லை. ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லித் தருகிறேன். குற்றச் சாமான் என்று எழுதிவைத்த தங்கள் பெட்டிகள்தான் எங்கள் பள்ளியின் ஒரே சொத்து. யானைக்கு மட்டும் தும்பிக்கை நுனியில் பல் தடம் இருக்கிறது. விலையை எழுதினால் கொஞ்சம் கொஞ்சமாய் அனுப்புகிறேன்.

ஆனால் அம்மா, நான் எழுதியது அதற்காக இல்லை. என் மனைவி தினமும், "நவம்பர் போயிடுச்சே, என்னாச்சுன்னு கேளுங்க" என்கிறாள். கேட்க எனக்கு உரிமை இல்லை, தெரியும். மே மாதத்திலிருந்து படித்துவந்த கதையின் கடைசிப் பக்கத்தை யாரோ கிழித்துக்கொண்டு போனதுபோல் இருக்கிறோம். நல்ல செய்தி இல்லையென்றால் பதில் எழுத வேண்டாம். நாங்கள் புரிந்துகொண்டு பூசை ஒப்புக்கொடுப்போம்.

தங்கள் பணிவுள்ள
எவரிஸ்தோ

*

தூரின்,
1860 டிசம்பர் 20

எங்கள் அன்புக்குரிய எவரிஸ்தோ ஐயாவுக்கும், அவர் மனைவிக்கும், ஏழு பிள்ளைகளுக்கும் தெல்ஃபீனாவின் வணக்கம். இங்கே ஐந்து பேர் நலம்.

ஆமாம், ஐந்து பேர். நவம்பர் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை, பூசை மணி அடிக்கும்போது பிறந்தாள். பெண். தலை நிறைய முடி. தொண்டை, அண்ணியின் தொண்டை.

என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். அண்ணி அவரை அறையிலிருந்து விரட்டியதும், முற்றத்துக்குப் போய் யாரும் கேட்காமலே வச்சிரம் காய்ச்சத் தொடங்கினார். சட்டி தீய்ந்து தெருவே நாறியது. அழுகைச் சத்தம் கேட்டபிறகுதான் பரணில் ஏறித் தொட்டில் பலகைகளை இறக்கினார். அதுவரை தொடவில்லை. எனக்கு வாக்குக் கொடுத்திருந்தார். இறக்கியதைப் பூட்டத் தெரியவில்லை! தலைமாட்டைக் கால்மாட்டில் வைத்தார், கம்பை வெளிப்பக்கம் செருகினார். நினெத்தா பார்த்துவிட்டு, "மாமா, நீங்கதானே ஊரெல்லாம் வெட்டுப்படம் விக்கறீங்க? தள்ளுங்க" என்று அவளே பூட்டிக் கொடுத்தாள். அவர் தரையில் உட்கார்ந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் அழுதார். நான் கட்டிலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த முறை ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

பெட்டிகளுக்கு விலை கிடையாது. ஆற்று வழிப் படங்கள் நான்கும் புது யானை ஒன்றும் அனுப்பியிருக்கிறேன். பழைய யானையைக் கடைக்குட்டிக்கே கொடுத்துவிடுங்கள், அவன் பல்லுக்குப் பழகியது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். மூன்றாம் நாளே ஞானஸ்நானம் கொடுத்துவிட்டோம். குளிர்காலம், பங்குச் சாமியார் காத்திருக்க விடவில்லை. "ஞானத்தந்தை யாரு?" என்று கேட்டார். என் வீட்டுக்காரர் உங்கள் பெயரைச் சொன்னார். "அவரு எங்கே?" "போப்பாண்டவர் கோட்டையில எழுத்தரா இருந்தவரு சாமி. நம்ம ரொட்டிக்கடைக்காரரு அவருக்குப் பதிலா நிப்பாரு." அண்ணிக்குக் கோபம். "ஊரு உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா? என் தம்பியைப் பூட்டி வச்ச ஆளு!" என்றார். "பூட்டினது வேற ஆளு அண்ணி, திறந்தவருதான் இவரு" என்றேன். சாமியார் உங்கள் பெயரைப் புத்தகத்தில் எழுதினார். குழந்தை பெயர் மார்கெரீத்தா எவரிஸ்தா.

ஆகவே ஐயா, வசந்தத்தில் பனி உருகியதும் உங்கள் ஞானமகளைப் பார்க்க எல்லோரும் வாருங்கள். இடம் போதாது என்று யோசிக்காதீர்கள். பட்டறைப் பலகைகளை நகர்த்தினால் ஒன்பது பேர் படுக்கலாம். உங்களைக் கேட்காமல் இப்படிச் செய்துவிட்டோமே என்று வருத்தப்படாதீர்கள். நீங்களும் எங்களைக் கேட்டா படித்தீர்கள்?

உங்கள் அன்புள்ள
தெல்ஃபீனா